எழுத்தறியாதார்க்காக எழுந்த கலை: பரோக் ஓவியமும் சிற்பமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு ஓவியத்தோடு என்ன உறவு என்று இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சென்ற பருவத்தில் ஒளியியல் வகுப்பில் கருநிழல், புறநிழல் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒளிமூலம் சிறிதாக இருந்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக விழும், பெரிதாக இருந்தால் விளிம்பு கலங்கிப்போகும் என்று விளக்கிய எங்கள் பேராசிரியர், "இதை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தூரிகையால் செய்து காட்டிய ஒருவர் இருக்கிறார். நூலகத்தில் போய்ப் பாருங்கள்" என்று சொல்லி, கரும்பலகையின் ஓரத்தில் ‘கரவாஜியோ’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குப் போய்விட்டார். வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். நான் நூலகத்திற்குப் போனதற்கு ஆர்வம் மட்டும் காரணமன்று. எங்கள் ஊர்ப் பேருந்து நாலரை மணிக்குத்தான்.

வெளியே கொடுக்காத நூல்கள் இருக்கும் அலமாரியில், தூசு தட்டி எடுத்துத் தந்தார்கள் ஒரு கனத்த வண்ணப்பட நூலை. அன்று நாலரை மணிப் பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் விட்டேன். அப்படிப் பார்த்ததும் படித்ததும்தான் இக்கட்டுரை. கலை வரலாறு என்னும் பாடம் நம் கல்லூரியில் இல்லை. ஆதலால் பிழை இருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

கோணல் முத்து

‘பரோக்’ என்னும் சொல் போர்த்துகீசிய மொழியின் ‘பரோக்கோ’விலிருந்து வந்தது என்பது பலரும் ஒப்பும் கருத்து. உருண்டு திரளாமல் கோணலாக விளைந்த முத்துக்கு அப்பெயர். (போர்த்துகீசியர் அந்நாளில் வாணிகம் செய்த முத்துகளுள் நம் மன்னார் வளைகுடா முத்தும் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) பதினெட்டாம் நூற்றாண்டில், ‘அளவு மீறியது, கோணலானது, பகட்டானது’ என்று முந்திய நூற்றாண்டுக் கலையை ஏசுவதற்காக எடுத்துச் சூட்டிய பெயர் இது. ஏச்சுப் பெயரே நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை, முதலில் ரோம் நகரிலும் பின்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இக்கலை ஓங்கி நின்றது.

இதைக் கோணல் என்று தள்ளாமல் தனிப் பண்புடைய கலையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஹைன்ரிக் வோல்ஃப்லின். 1888-இலும் 1915-இலும் அவர் வெளியிட்ட நூல்களில் மறுமலர்ச்சிக் கலையையும் பரோக் கலையையும் அருகருகே நிறுத்தி வேறுபாடு காட்டினார். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். மறுமலர்ச்சி ஓவியத்தில் ஒவ்வோர் உருவத்திற்கும் தெளிவான கோடு உண்டு. அக்கோட்டை விரலால் தடவிக்கொண்டே போகலாம். பரோக் ஓவியத்தில் கோடு இருளில் கரைந்துவிடும்; நிறத்திட்டும் ஒளித்திட்டுமே உருவத்தைத் தாங்கும். முன்னதில் காட்சி சட்டத்துக்குள் அடங்கி நிறைவு பெறும். பின்னதில் காட்சி சட்டத்தை உடைத்துக்கொண்டு நம் பக்கம் வரும். முன்னது அசையாமல் நிற்கும் நேரத்தைக் காட்டும். பின்னது நடந்துகொண்டிருக்கும் நொடியைக் காட்டும்.

சங்கம் இட்ட தீர்மானம்

ஏன் இந்த மாற்றம்? 1517-இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தம் ஐரோப்பியத் திருச்சபையை இரண்டாக்கியது. சீர்திருத்தவாதிகளுள் பலர், கோயில்களில் படமும் சிலையும் வைப்பதே தவறு என்றனர். 1566-இல் நெதர்லாந்துப் பகுதியில் கூட்டம் கூட்டமாகக் கோயில்களுக்குள் புகுந்து சிலைகளை உடைத்தனர். கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு விடை தேட வேண்டியதாயிற்று. 1545 முதல் 1563 வரை விட்டுவிட்டு நடந்த திரெந்து நகர்ப் பொதுச்சங்கம், தன் கடைசி அமர்வில், 1563 டிசம்பரில், படங்களைப் பற்றியும் ஒரு தீர்மானம் இயற்றியது. படங்கள் வேண்டும், அவற்றின் வழியே மக்களுக்குச் சமயம் கற்பிக்க வேண்டும், எழுத்தறியாத எளிய மக்களும் அவற்றால் பயனடைய வேண்டும் என்பது அதன் ஒரு பாதி. ஒழுங்கற்றதும், தகாததும், பண்பு குறைந்ததும் கோயிலுக்குள் வரக்கூடாது. அதை ஆயர்கள் மேற்பார்க்க வேண்டும் என்பது மறு பாதி.

இந்த இரு பாதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அவை ஒன்றோடொன்று மோதிய இடத்திற்குப் பிறகு வருவேன்.

நூலில் இப்பகுதியைப் படித்தபோது ‘எழுத்தறியாத மக்கள்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். என் தந்தையார் கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். தாயார் கூலி வேலைக்குப் போகிறவர். இருவருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படிக்கும் எந்த நூலும் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. இதோ, ஒரு காலத்தின் கலையே அவர்களைப் போன்றவர்களை முன்னிறுத்தி எழுந்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மைதானா என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒளி எங்கிருந்து வருகிறது?

மைக்கலாஞ்சலோ மெரிசி என்பது கரவாஜியோவின் இயற்பெயர். 1571-இல் பிறந்தவர். ஆறு வயதில் கொள்ளைநோய்க்குத் தந்தையை இழந்தார். முன்கோபி. 1606-இல் ரோம் நகரில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடினார். 1610-இல், 38 வயதில் இறந்தார். ஆனால் 1600-ஆம் ஆண்டையொட்டி அவர் தீட்டியவை ஐரோப்பிய ஓவியத்தின் போக்கையே திருப்பிவிட்டன.

ரோம் நகரில் பிரெஞ்சுக்காரர்களின் கோயிலான சான் லூயிஜியில் கொன்தரெல்லி சிற்றாலயம் என்று ஒன்று உண்டு. அதன் இடப்புறச் சுவரில் இருக்கிறது ‘மத்தேயுவின் அழைப்பு’. 1599–1600 காலத்தது. ஏசுநாதர் வரி வசூலிப்பவரான மத்தேயுவைத் தம் சீடராக அழைக்கும் காட்சி. மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து நாணயம் எண்ணுகிறார்கள். உடுத்தியிருப்பதோ ஏசுநாதர் காலத்து உடையன்று; 1600-ஆம் ஆண்டு ரோம் நகரத் தெருவில் திரிந்த வாலிபர்களின் உடை. வலக்கோடியில் ஏசுநாதரும் பேதுருவும் வெறுங்காலுடன் வந்து நிற்கிறார்கள். ஏசுநாதர் கையை நீட்டுகிறார். தாடி வைத்த ஒருவர், "என்னையா?" என்பதுபோல் விரல் காட்டுகிறார். அவர் தம்மைக் காட்டுகிறாரா, அல்லது மேசைக் கோடியில் தலை கவிழ்ந்து காசு எண்ணும் இளைஞனைக் காட்டுகிறாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த இளைஞனும், அவனருகே மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு காசை உற்றுப் பார்க்கும் கிழவரும் நிமிரவே இல்லை.

இப்போது ஒளியைக் கவனியுங்கள். படத்தில் ஒரு சன்னல் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒளி வரவில்லை. ஒளி வலப்புறம், சட்டத்துக்கு வெளியே, ஏசுநாதரின் தலைக்கு மேலிருந்து சாய்வாக வந்து சுவரில் கத்தி வெட்டியதுபோல் விழுகிறது. விளிம்பு கூர்மையாக இருப்பதால் ஒளிமூலம் சிறியதாகவும் ஒன்றாகவும் இருக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் சொன்ன கணக்கு இதுதான். இன்னொரு சிறப்பும் உண்டு. அச்சிற்றாலயத்தில் பீடத்திற்கு மேலே உண்மையான சன்னல் ஒன்று இருக்கிறது. இப்படம் இருக்கும் சுவரிலிருந்து பார்த்தால் அது வலப்புறம். ஆக, படத்துக்குள் விழும் ஒளியும் ஆலயத்துக்குள் விழும் ஒளியும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. எதிர்ச்சுவரில் உள்ள ‘மத்தேயுவின் உயிர்த்தியாகம்’ படத்தில் ஒளி இடப்புறமிருந்து வருகிறது. அதுவும் அதே சன்னலின் பக்கம். கோயிலுக்குள் நுழைந்து நிற்பவனுக்கு, தன் தோளில் விழும் ஒளியே படத்திலுள்ளவர் முகத்திலும் விழுவதாகத் தோன்றும். இந்த விளைவுக்கு ஒரு வரி விளக்கமும் தேவையில்லை.

இத்தாலியர் ஒளி–இருள் ஓவிய முறையைக் ‘கியாரோஸ்கூரோ’ என்பர். அது லியனார்டோவிடமும் உண்டு. ஆனால் அவரிடம் ஒளி மெல்ல மெல்ல நிழலாகும், மாலைப்பொழுதைப்போல். கரவாஜியோவிடம் இருட்டறையில் திடீரென்று கதவைத் திறந்ததுபோல். அவர் காகிதத்தில் வரைந்து பார்த்த ஒத்திகைப் படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கித்தானிலேயே நேராகத் தீட்டித் திருத்தியிருக்கிறார். ‘உயிர்த்தியாகம்’ படத்தை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, அடியில் முற்றிலும் வேறான ஓர் அமைப்பைத் தீட்டி, பின்னர் கைவிட்டிருந்தது தெரிந்தது. நம் துறையின் கருவி கலைக்குச் செய்த நன்மைகளுள் இதுவும் ஒன்று என்று பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

கவண் சுழலும் நொடி

சிற்பத்தில் பரோக் பண்பைக் கண்டுகொள்ள எளிய வழி, இரண்டு தாவீதுகளை ஒப்பிடுவதே. ஃபுளோரன்சில் மைக்கலாஞ்சலோ 1501–04-இல் செதுக்கிய தாவீது ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமுடையவன். கவணைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். போர் இன்னும் தொடங்கவில்லை. எடை ஒரு காலில். ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு நேர் மேலே. காலமெல்லாம் இப்படியே நிற்கலாம்.

ரோம் நகரின் போர்கேஸே மாளிகையில் இருக்கும் பெர்னினியின் தாவீது (1623–24) ஏறத்தாழ நம் உயரந்தான், 170 செ.மீ. ஆனால் அவனால் அந்த நிலையில் ஒரு விநாடிகூட நிற்க முடியாது. கால்கள் அகன்று, இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் முறுக்கி, சுருள்வில்லை இறுக்கிப் பிடித்ததுபோல் உடம்பு நிற்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த நொடி கல் பறக்கும். யார்மேல்? கோலியாத் சிற்பத்தில் இல்லை. கவண் பார்க்கும் திசையில் நின்று பார்ப்பவன் அறியாமலே தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பான். அரக்கன் நமக்குப் பின்னால் நிற்கிறான் அல்லவா! கவணெறிந்து குருவி ஓட்டியவர்களுக்கு இந்த முறுக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதைச் செதுக்கியபோது ஜியான் லொரென்சோ பெர்னினிக்கு 25 வயது. என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். சற்றுப் பொறாமையாக இருக்கிறது.

அதே மாளிகையில் அவருடைய ‘அப்போலோவும் தஃப்னேயும்’ (1622–25). தேவன் துரத்தும் பெண் ஓடும்போதே மரமாகிறாள். விரல் நுனிகள் இலையாகின்றன, கால்விரல்கள் வேராகின்றன, உடம்பின்மேல் மரப்பட்டை ஏறுகிறது. சலவைக்கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே கல்லில் மெல்லிய நீட்டல்கள் செதுக்குவது ஆபத்தான வேலை. இச்சிற்பத்தில் இலைகள் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை. அந்த இலைகளையும் வேர்களையும் பெரிதும் செதுக்கியது பெர்னினி அல்லர். அவர் பட்டறையில் வேலை செய்த ஜூலியானோ ஃபினெல்லி என்னும் இளைஞர் என்று ஆய்வாளர் கூறுவர். தமக்குரிய பெயர் தமக்கு வரவில்லை என்ற மனக்கசப்போடு 1629-இல் ஃபினெல்லி பட்டறையை விட்டுப் போனார். படங்களுக்குக் கீழே அச்சாகும் பெயர் இன்றும் பெர்னினிதான். மூட்டை தூக்குபவர் ஒருவர், கடையின் பெயர்ப்பலகை வேறொருவருடையது என்று அறிந்து வளர்ந்தவன் ஆதலால் இச்செய்தியை விட்டுவிட மனம் வரவில்லை.

பெர்னினியின் கைவண்ணம் முழுமை பெற்ற இடம் ‘புனித தெரேசாவின் பேரானந்தம்’ (1647–52). மேகத்தின்மேல் தெரேசா மயங்கிச் சாய்ந்திருக்கிறார். தூதன் அம்போடு நிற்கிறான். மேகம் கல், ஆயினும் மிதக்கிறது. மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சன்னலை அமைத்து, அதன் வழி இறங்கும் வெயிலைப் பொன்முலாமிட்ட உலோகக் கதிர்கள்மேல் விழச் செய்திருக்கிறார். பகலில் பொழுது நகர நகரச் சிற்பமும் மாறும். கட்டடம், சிற்பம், ஓவியம், வெயில் நான்கையும் ஒரே கூத்தாக்கிவிட்டார். கூத்து என்றது அணிக்காக அன்று. பக்கச் சுவர்களில், நாடகக் கொட்டகையின் மேன்மக்கள் இருக்கைகளைப்போல் இரு மாடங்கள். அவற்றில் இச்சிற்றாலயத்திற்குப் பணம் கொடுத்த கொர்னாரோ குடும்பத்தார் எண்மர் கல்லில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் அற்புதத்தைப் பார்க்கக்கூட இல்லை!

இங்கேதான் எனக்கு ஐயம் எழுந்தது. எழுத்தறியாதவனுக்காக என்று தொடங்கிய கலையில், முன்வரிசை இருக்கை யாருக்கு? பணம் கொடுத்தவருக்கு. கீழே தரையில் நிற்பவன் இரண்டையும் பார்க்கிறான்: மேகத்தின்மேல் புனிதரை, மாடத்தின்மேல் பிரபுக்களை. பரோக் கலையைத் திருச்சபையின் பிரசாரம், அரசர்களின் பகட்டு என்று குறை கூறுவோர் உளர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை.

ஆண்ட்வெர்ப் நகரில் ரூபன்ஸ் தீட்டிய ‘சிலுவை உயர்த்தல்’ (1610–11) பற்றியும் ஒரு சொல். சிலுவை மூலைவிட்டமாகச் சாய்ந்து, பாதி தூக்கிய நிலையில் நிற்க, திரண்ட தசையுடைய ஆட்கள் இழுக்கிறார்கள், முட்டுக் கொடுக்கிறார்கள். நேர்நின்ற முக்கோண அமைப்பை விரும்பிய மறுமலர்ச்சி ஓவியர் இப்படிச் செய்யார். மூலைவிட்டம் பரோக் ஓவியரின் செல்லக் கோடு. பாரம் தூக்குகிறவனின் முதுகு எங்கே வளையும், கழுத்து நரம்பு எங்கே புடைக்கும் என்று ரூபன்சுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கண்ணை ஏமாற்றும் கணிதத்திலும் இவர்கள் வல்லவர்கள். ரோம் நகரின் சான்த் இன்யாசியோ கோயிலுக்குக் குவிமாடம் கட்டப்படவில்லை. அந்திரேயா பொட்ஸோ என்னும் இயேசு சபைத் துறவி, 1685-இல் கித்தானில் ஒரு குவிமாடத்தைத் தீட்டி மேலே பொருத்திவிட்டார்! அவர் தீட்டிய கூரை ஓவியத்தைச் சரியாகக் காண எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் வட்டக்கல் பதித்திருக்கிறது. அதில் நின்றால் சுவர்கள் வானம் வரை எழும்பும். பத்தடி நகர்ந்தால் தூண்களெல்லாம் சரிந்து விழும். புனித பேதுரு சதுக்கத்தில் பெர்னினி அமைத்த தூண் வரிசையிலும் (1656–67) இப்படியோர் இடம் உண்டு: 284 தூண்கள் நான்கு வரிசையாக நிற்கின்றன, தரையில் குறித்த இடத்தில் நின்றால் நான்கும் ஒன்றாகிவிடும்.

இவற்றைக் காண இத்தாலிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கோவாவில் உள்ள போம் ஜேசு கோயிலில் புனித சவேரியாரின் கல்லறை மேடை, ஃபுளோரன்ஸ் நகரச் சிற்பி ஜொவான்னி பத்திஸ்தா ஃபொஜ்ஜினி செய்தது. தஸ்கனி நாட்டுக் கோமகன் மூன்றாம் கோசிமோவின் காணிக்கை. 1698-இல் இங்கே நிறுவப்பட்டது. பல நிறக் கல்லும், சவேரியாரின் வாழ்வைக் காட்டும் நான்கு வெண்கலப் பலகைகளும் உடையது. கல்லூரிச் சுற்றுலா கோவாவுக்குப் போகுமானால் கடற்கரையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சேற்றுக் கால்கள்

ஊரில் ஒரு சோதனை செய்தேன். கரவாஜியோவின் ‘லொரேத்தோ மாதா’ படத்தைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று, ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் காட்டினேன். ரோம் நகரின் சான்த் அகொஸ்தினோ கோயிலில் உள்ள படம், 1604–06 காலத்தது. வாசற்படியில் குழந்தையோடு மாதா நிற்கிறார். முன்னே முதிய ஆணும் பெண்ணும் மண்டியிட்டுக் கைகூப்பியிருக்கிறார்கள். அந்த ஆணின் அழுக்குப் படிந்த வெறும் பாதங்கள், பார்ப்பவரின் முகத்துக்கு நேராக நீண்டிருக்கின்றன.

அம்மா படத்தைச் சற்று நேரம் பார்த்தார். "பாவம், ரொம்ப தூரம் நடந்தே வந்திருக்காங்க. அந்தம்மா இன்னும் உள்ள கூப்பிடலையா?" என்றார்.

கலை நூல் இரண்டு பக்கத்தில் சொன்னது அவ்வளவுதான். அது யாத்திரிகர் படம் என்றோ, நீண்ட பயணத்தின் முடிவு என்றோ நான் சொல்லவில்லை. எழுத்தறியாதார்க்கும் விளங்கும் கலை என்பது உண்மையே என்று அன்று ஒப்புக்கொண்டேன். இப்படத்தை முதலில் வைத்தபோது பாமர மக்கள் பெரும் ஆரவாரம் செய்தார்கள் என்று, கரவாஜியோவுக்குப் பகைவரான ஓவியர் பாலியோனே தம் நூலில் (1642) ஏளனமாக எழுதியிருக்கிறார். அவர்கள் ஏன் ஆரவாரம் செய்திருப்பார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. தங்கள் காலைப் பீடத்தின்மேல் பார்த்திருக்கிறார்கள்.

பிறநாட்டு ஓவியர்களிடமும் இப்பண்பு உண்டு. ஸ்பெயினில் வெலாஸ்கெஸ், தம் இருபதாம் வயதையொட்டி, செவில் நகரத் தண்ணீர் விற்பவர் ஒருவரைத் தீட்டினார். கிழிந்த சட்டைக்கை, பானையின்மேல் வழியும் நீர்த்துளிகள். ஓர் அரசரைத் தீட்டும் மரியாதையோடு தீட்டியிருக்கிறார். சீர்திருத்தச் சமயம் பரவிய ஹாலந்தில் கோயில் படங்களுக்கு இடமில்லை. அங்கே ரெம்பிராண்ட் வணிகரையும் கிழவியரையும் காவற்படையினரையும் அதே ஒளியில் நிறுத்தினார். அவர் பெயரில் புகழ்பெற்ற ‘இரவுக் காவல்’ (1642) உண்மையில் பகற்காட்சி. மேலே பூசிய வார்னிஷ் கறுத்ததால் இரவாகிவிட்டது.

அர்தெமிசியா ஜெந்திலெஸ்கியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1593-இல் ரோம் நகரில், ஓவியர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர். தந்தையோடு தொழில் செய்த தாஸ்ஸி என்னும் ஓவியன் அவரைப் பலவந்தப்படுத்தினான். 1612-இல் வழக்கு நடந்தது. வாக்குமூலத்தில் அவர், தமக்கு எழுதத் தெரியாது, வாசிக்கவும் கொஞ்சந்தான் வரும் என்கிறார். அந்த வாக்குமூலம் உண்மையா என்று சோதிக்க, விரல்களைக் கயிற்றால் நெரித்தார்கள், ஓவியரின் விரல்கள்! அக்காலத்தையொட்டி அவர் தீட்டிய ‘யூதித்து’ படத்தில் இரு பெண்கள் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, கொடுங்கோலனான படைத்தலைவனைக் கட்டிலோடு அழுத்திக் கழுத்தை அறுக்கிறார்கள். கரவாஜியோவும் இக்கதையைத் தீட்டியிருக்கிறார். அவருடைய யூதித்து அருவருப்போடு விலகி நிற்பாள். அர்தெமிசியாவின் யூதித்து வேலையை முடிக்க வந்தவள். 1616-இல் ஃபுளோரன்ஸ் ஓவியக் கழகத்தில் சேர்ந்த முதற்பெண் இவரே. அந்நகரில்தான் எழுதவும் கற்றுக்கொண்டார். அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் சில 2011-இல் அச்சில் வெளிவந்தன.

மத்தேயு எழுதக் கற்ற கதை

முன்னே சொன்ன கொன்தரெல்லி சிற்றாலயத்துக்கே திரும்புவோம். பக்கச் சுவர்ப் படங்கள் முடிந்தபின், 1602-இல் பீடத்திற்கான படத்தையும் கரவாஜியோவிடமே ஒப்படைத்தார்கள். மத்தேயு நற்செய்தி எழுதுவதும், தூதன் வந்து அருள்வதும் பொருள்.

கரவாஜியோ தீட்டிக் கொடுத்த மத்தேயு ஒரு முரட்டு உழைப்பாளி. வழுக்கைத் தலை, சுருங்கிய நெற்றி, திரண்ட வெறுங்கால்கள். கால்மேல் கால் போட்டு, ஒரு பாதம் பீடத்தின் முன் நிற்பவரை நோக்கி நீண்டிருக்கிறது. மடியில் பெரிய ஏடு. தான் என்ன எழுதுகிறோம் என்று தனக்கே வியப்பாக அதைப் பார்க்கிறார். பையனைப்போன்ற தூதன் அவர்மேல் சாய்ந்து, அவருடைய கையைத் தன் கையால் பிடித்து எழுத்தை எழுத வைக்கிறான். வரி வசூலித்தவர் கணக்கு எழுதத் தெரியாதவராக இருந்திருக்க முடியாது என்று நானும் முதலில் நினைத்தேன். அதே ஆலயத்துச் சுவரில் இதே மத்தேயுவைக் காசோடும் பட்டோடும் காட்டியவர்தானே இவர்! தெரிந்தேதான் மாற்றியிருக்கிறார்.

படம் ஏற்கப்படவில்லை. கால்மேல் கால் போட்டு, பாதத்தை மக்கள் முன் நீட்டிக்கொண்டிருக்கும் இவ்வுருவத்துக்குத் தகுதியும் இல்லை, புனிதரின் சாயலும் இல்லை என்று குருமார் எடுத்துவிட்டதாக, பெல்லோரி தம் நூலில் (1672) எழுதுகிறார். அது நிராகரிப்பே அன்று என்று இக்காலத்தில் வாதிடுவோரும் உளர். எப்படியாயினும், பீடத்தில் இன்று இருப்பது இரண்டாவது படம். அதில் மத்தேயு செந்நிற ஆடையில், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு, எழுதுகோலைத் தாமே பிடித்திருக்கிறார். தூதன் தொடாமல் மேலே நின்று விரல்விட்டு எண்ணிச் சொல்கிறான். நல்ல படம், மறுக்கவில்லை. ஆயினும் அவர் எழுதத் தெரிந்தவர்.

திரெந்து தீர்மானத்தின் இரு பாதிகளும் மோதிய இடம் என்றேனே, அது இதுதான். எழுத்தறியாதவனுக்காகப் படம் வேண்டும் என்றவர்கள், எழுத்தறியாதவனே படத்தில் வந்து உட்கார்ந்தபோது ஏற்கவில்லை. ‘மாதாவின் மரணம்’ என்னும் படத்துக்கும் இதே கதி. உப்பிய உடம்பும் வெறும் பாதமுமாக, ஏழை வீட்டுச் சாவுபோல் இருக்கிறது என்று தள்ளினார்கள். ரூபன்ஸ் பரிந்துரைத்ததால் மான்துவா கோமகன் அதை வாங்கினார். இப்போது பாரிசில் லூவர் காட்சியகத்தில் இருக்கிறது. முதல் மத்தேயுவுக்கு அந்த நல்லூழ் இல்லை. செல்வர் ஜுஸ்தினியானி வாங்கினார். பின்னாளில் பெர்லின் காட்சியகத்துக்குப் போயிற்று. போரில் பாதுகாப்பாக வைத்த கோபுரத்தில் 1945 மே மாதம் பற்றிய தீயில் அழிந்தது. எஞ்சியிருப்பவை கறுப்பு–வெள்ளைப் புகைப்படங்கள்.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு சான்றிதழுக்காக அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டு வந்திருந்தார். முதலெழுத்தை எழுதுவதற்குள், "நேரமாகுது, ரேகை வெச்சிட்டுப் போய்யா" என்று மைப்பெட்டியைத் தள்ளினார்கள். அன்றிரவிலிருந்து என் பழைய நோட்டுப் புத்தகத்தில் அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். அவர் பின்னால் நின்று, மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்த கையைப் பிடித்து எழுத வைத்தேன். கடப்பாரை பிடிப்பதுபோல் பேனாவைப் பிடிப்பார். தாள் கிழியும். என் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் இருப்பது அவர் கையெழுத்து. ஐந்து எழுத்து, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

அந்தக் கறுப்பு–வெள்ளைப் படத்தையும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா மண்டியிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். யார் படம், எந்த நாடு, எந்தச் சாமி என்று ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். நெடுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன் கெட்டிக்காரன். கையை லேசாத்தான் புடிச்சிருக்கான்" என்றார்.